ராயபுரத்தில் மூச்சுத் திணறிய ஜெனரேட்டர்

திருப்பூருக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம் எங்கள் வண்டி பனியன் மாட்டிக்கொண்டது. ராயபுரத்துச் சந்து ஒன்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, வெளுத்த பனியன் துணியைக் காயப் போட்டிருந்தார்கள். என் கணவர் சந்திரன், "போயிடலாம், போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டே வண்டியை உள்ளே விட்டார். எங்கள் வண்டியின் உயரம் அவருக்கு எப்போதும் மறந்துபோகும். முன்கண்ணாடி முழுக்க வெள்ளைத் துணி விழுந்து உலகமே மறைந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் கூரையிலிருந்து பம்பர்வரை ஈரத் துணி. சண்டைக்கு வரப்போகிறார்கள் என்று நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். ஓடிவந்த மனிதர் எங்களைத்தான் மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, அடிகிடி பட்டுருச்சுங்களா?" என்று கேட்டார். எனக்கு அந்த ஊர் அப்போதே பிடித்துப்போயிற்று.

நான் பினாங்கில் பிறந்தவள். தமிழ் படித்ததும் அங்கேதான். கல்யாணத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் லெஸ்டர். அதுவும் பின்னலாடை ஊர். சந்திரன் அங்கே ஒரு பின்னல் ஆலையில் ஃபிட்டர். இந்தியாவை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. ஐரோப்பாவிலிருந்து வண்டியிலேயே இந்தியா போவது என்கிற பைத்தியம் பலரையும் பிடித்து ஆட்டிய காலம். எங்களையும் ஆட்டியது. ஒரு பழைய கேம்பர் வண்டி வாங்கினோம். உள்ளே கட்டில், இரண்டு அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. வண்டியின் வால்பக்கம் புரோப்பேன் வாயுவில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் ஒன்று. வழியில் பட்ட பாட்டையெல்லாம் இங்கே எழுதினால் திருப்பூர் வந்து சேரவே மாட்டோம்.

ஊர் சுற்றலோடு ஒரு வேலையும் இருந்தது. லெஸ்டரில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், திருப்பூர்ப் பனியன் மூன்று டஜன் மாதிரிக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருடைய தம்பி கொச்சியில் இருந்தார். வெள்ளிக்கிழமை அவர் கப்பலேறுகிறார். அதற்குள் சாம்பிள் அவர் கைக்குப் போய்விட வேண்டும். தைத்துத் தர ஒப்புக்கொண்டவர் வேலுசாமி. எங்கள் வண்டி பறித்துக்கொண்ட துணிக்குச் சொந்தக்காரரும், அடிகிடி பட்டதா என்று கேட்டவரும் அவர்தான்.

வேலுசாமிக்கு நாற்பது வயது இருக்கும். பரம்பரை நெசவுக் குடும்பம். முருகன் படம் இல்லாத சுவர் அவர் வீட்டில் இல்லை. கம்பெனி என்று அவர் சொன்னது வீட்டின் முன்பாதியை. நான்கு மெஷின்கள், ஒரு நீள மேஜை, சுவரோரம் துணிப் பொதிகள். வந்த முதல்நாள் சனிக்கிழமை மாலையே, ஒளிவுமறைவில்லாமல் எங்களிடம் சொல்லிவிட்டார்.

"உள்ளூருக்குத் தெச்சு ஒண்ணும் நிக்கறதில்லீங்க. இந்தச் சாம்பிளு புடிச்சுப்போயி வெளிநாட்டு ஆர்டரு வந்தா கம்பெனி நிக்கும். இல்லாட்டி மெஷினையெல்லாம் குடுத்துப்போட்டு மடத்துக்குளம் போறதுதானுங்க. அங்க மாமனாரு தோட்டம் இருக்குது. எனக்கு மண்வெட்டி புடிக்கவே தெரியாதுங்க."

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கை அந்த நேரத்தில், துணியின் ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினைத் தடவிக்கொண்டிருந்தது.

வண்டியை வீட்டுக்குப் பின்னால், அவர்கள் பொடக்காலி என்று சொல்லும் இடத்தில், வேப்பமரத்து நிழலில் நிறுத்தினோம். தெருவே வந்து பார்த்தது. "ஊட்டு வண்டி வந்திருக்குது" என்று அடுத்த தெருவுக்கும் செய்தி போயிற்று. லெஸ்டரில் பக்கத்து வீட்டுக்காரர் என் பெயரைத் தெரிந்துகொள்ளவே இரண்டு வருடம் ஆனது. இங்கே இரண்டு மணி நேரத்தில் எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து கைவிட்டுப் பார்த்து, "அடேங்கப்பா, மார்கழி மாசமாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

வேலுசாமியின் மனைவி பாவாத்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நான் அக்கா என்றேன். அவர் என்னை அம்மிணி என்றார். அவர் கையால் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். காலையில் தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தவை, அதாவது அவர்கள் ஊர் இடியாப்பம். மதியம் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சாதம், அதன்மேல் வெண்ணெய் உருக்கிய நெய். பினாங்கில் எங்கள் அம்மா ஐந்து கறி வைத்தும் வராத ருசி, இந்த ஒரே பானையில் எப்படி வந்தது என்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது. சாயங்காலம் ஒப்புட்டு, நாங்கள் போளி என்போமே அது. மூன்றாவது ஒப்புட்டை இலையில் வைக்கும்போதுதான் அக்கா கேட்டார்.

"கொழந்தைங்கள ஊருல உட்டுட்டு வந்தீங்களா அம்மிணி?"

"குழந்தை இல்லை" என்றேன். வெடுக்கென்றுதான் சொன்னேன். கல்யாணமாகி ஆறு வருடம். பினாங்கிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும் இதே கேள்வி. அதைக் கேட்டால் எனக்கு மூக்குநுனிவரை கோபம் வந்துவிடும். அக்கா நான்காவது ஒப்புட்டை வைத்தார்.

திங்கட்கிழமை சலவைப் பட்டறையிலிருந்து எங்கள் சாம்பிளுக்கான துணி வந்து இறங்கியது. பால்போல் வெள்ளை. அதை வேலுசாமி கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அதே நேரம் தெருமுனையில் டமார் என்று ஒரு சத்தம். விசிறி நின்றது, ரேடியோ நின்றது, தெரு முழுக்கத் தறியும் மெஷினும் ஒரே மூச்சில் அடங்கின. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. ஏற்கெனவே மின்வெட்டில் தவித்துக்கொண்டிருந்த ஊர். புதிது வர ஒரு வாரம் ஆகும் என்று கரண்ட் ஆபீஸிலிருந்து வந்தவர் சொல்லிவிட்டு, அவர் பங்குக்குக் காப்பியும் குடித்துவிட்டுப் போனார்.

வேலுசாமி மேஜையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துணியைக் கையால் வெட்டிவிடலாம், கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தும் விடலாம். ஆனால் ஓவர்லாக் மெஷின் மோட்டார் இல்லாமல் ஓடாது. ஆயில் இன்ஜின் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு அவர்கள் வேலைக்கே அது போதவில்லை.

அப்போதுதான் சந்திரன் எழுந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அண்ணே, கரண்ட் நம்ம வண்டியிலேயே இருக்கு!" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனையோ நாடுகளைத் தாண்டி நாங்கள் இழுத்துக்கொண்டு வந்த அந்த இரும்புப் பெட்டி ஒரு மனிதரின் கம்பெனியைக் காப்பாற்றப் போகிறது! நான் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்காவும் சிரித்தார். ஆனால் அவர் கண் மட்டும் என்னவோ பொடக்காலிப் பக்கம் போய் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பூசணிக்காய் உடைத்துப் பூஜை போட்டார்கள். வண்டியிலிருந்து கம்பெனிக்குள் வயர் இழுத்தாயிற்று. சந்திரன் பட்டனை அழுத்தினார். ஜெனரேட்டர் உறுமியது. தெரு கைதட்டியது. மெஷினில் உட்கார்ந்திருந்தவர் காலை அழுத்தினார், மோட்டார் சுற்றத் தொடங்கியது. உடனே ஜெனரேட்டர் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிட்டது.

மறுபடி போட்டார். சும்மா இருந்தால் ஓடியது. மெஷினைத் தொட்டால் நின்றது. பத்துத் தடவை இதே கதை.

அன்று பகல் முழுவதும் சந்திரன் அதைப் பிரித்தார். பிளக்கைக் கழற்றித் தேய்த்தார். எண்ணெயை மாற்றினார். காற்று ஃபில்டரைத் திறந்தபோது ஒரு கைப்பிடி பஞ்சு வந்தது. "பிடிச்சிட்டேன்!" என்று கத்தினார். திருப்பூரில் காற்றோடு பஞ்சும் பறக்கும், சோற்றில்கூட விழும், அதனால் எல்லாரும் நம்பினோம். ஃபில்டர் சுத்தமானது, ஜெனரேட்டர் அப்படியே இருமியது. கார்புரேட்டரைக் கழற்றித் துணிமேல் பரப்பினார். லெஸ்டரில் ஒரு மெஷின் நின்றால் ஃபிட்டரும் மெஷினும் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே இருபது பேர் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

"கேஸில் ஏதாவது கோளாறு இருக்குமோ?" என்று நான் கேட்டேன்.

"அடுப்பு எரியுதே, தெரியலை?" என்றார் சந்திரன். அடுப்பு எரிந்தது உண்மைதான். அதே சிலிண்டரிலிருந்துதான் அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஜெனரேட்டருக்கும் வாயு போகிறது. ஆனால் அன்று காலை நான் ஒரு அடுப்பில் டீயும் மற்றதில் முட்டையும் வைத்தபோது இரண்டு தீயும் சோகை பிடித்ததுபோல் சுருங்கின. அதைச் சொன்னேன். "காத்தடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டார். மனைவி சொல்லும் கோளாறை எந்த ஃபிட்டர் கேட்டிருக்கிறார்?

அன்று இன்னொன்றும் நடந்தது. அப்போது எனக்கு அது புரியவில்லை. சிலிண்டர் இருக்கும் பெட்டி வண்டியின் இடப்பக்கம், காற்றுப் போக்குக்குக் கம்பித் துளைகள் வைத்த சின்னக் கதவோடு இருக்கும். சந்திரன் அந்தப் பக்கம் நாலு அடி வைத்தால் அக்கா எங்கிருந்தோ வந்துவிடுவார். ஒருதடவை இளநீர். ஒருதடவை மோர் ஊற்றிக் கரைத்த கம்மஞ்சோறு. ஒருதடவை சுடச்சுட எண்ணெயில் பொரித்த வெல்லக் கச்சாயம். அதற்கும் மசியாமல் சந்திரன் போனபோது, பெட்டிக்குக் கீழே அக்கா ஒரு பெரிய பாய் விரித்து, ஒரு மூட்டை மிளகாய் வற்றலைக் கொட்டி வைத்திருந்தார்.

"மொளகா காயுதுங்க தம்பி, மிதிச்சுப்போடாதீங்க. கண்ணு எரியும், அக்கட்ட போயி வேலையப் பாருங்க."

வேப்பமரத்து நிழலில் யாராவது மிளகாய் காயப் போடுவார்களா? நான் கச்சாயத்தைத் தின்றுகொண்டு, அக்காவின் விருந்தோம்பலை மெச்சிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை, "வெள்ளகோவில்ல சேவியர் மேஸ்திரி இருக்கறாருங்க. அவரு தொட்டு ஓடாத இன்ஜின் கெடையாது" என்று வேலுசாமி கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். பஸ்ஸில் ஆட்களுக்குச் சமமாக நூல் மூட்டைகள் ஏறின. காங்கயம் தாண்டியதும் டயர் வெடித்தது. டிரைவர் ரொம்ப நிதானமாக இறங்கி, ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "ஒரு மணி நேரம் ஆகுமுங்க, யாருக்கும் அவசரமில்லீங்களே?" என்று மரியாதையாகக் கேட்டார். வேலுசாமி முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பின்னால் வந்த காலி லாரியை நானே நடுரோட்டில் நின்று மறித்தேன். சேலை கட்டிய ஒருத்தி இப்படிக் கையை விரித்துக்கொண்டு நின்றதை அந்த டிரைவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

சேவியர் மேஸ்திரிக்கு ஐம்பது வயது. சட்டைப்பையில் ஜெபமாலை, தோளில் மஞ்சள் பை, பையில் ஸ்பேனர்கள். விஷயத்தைக் கேட்டதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார். திரும்பும்போது பருத்திப் பொதி ஏற்றிய லாரிதான் கிடைத்தது. மூவரும் பொதிமேல் உட்கார்ந்து வந்தோம். ராயபுரத்தில் இறங்கியபோது என் தலை முழுக்கப் பஞ்சு. "போகும்போது நல்லாத்தானே இருந்தே, அதுக்குள்ளே நரைச்சிட்டியே" என்றார் சந்திரன். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே நல்ல நகைச்சுவை அது.

சேவியர் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, அதன் முனையை ஜெனரேட்டர்மேலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டார். டாக்டர் நெஞ்சு பார்ப்பதுபோல் இருந்தது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"மிசினுக்கு ஒரு நோக்காடும் இல்லீங்க. பசியில கெடக்குது. கேஸு பத்தலை."

"அடுப்பு எரியுதுங்களே" என்றார் சந்திரன்.

"ஒரே அடுப்புன்னா எரியும்" என்றேன் நான். "ரெண்டும் போட்டால் சுருங்குது."

சேவியர் திரும்பி என்னைப் பார்த்தார். "அம்மிணி, எங்க, ரெண்டையும் பத்த வைங்க பாப்போம்." வைத்தேன். இரண்டு தீயும் நீல நிறத்தில் ஒருகணம் எழும்பி, உடனே சுருண்டு படுத்தன. "அதான்! சிலிண்டருலிருந்து வர்ற வழியில எங்கயோ அடைச்சிருக்குது. அந்தப் பொட்டியத் தொறங்க."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டு நாளாக நான் சொன்னதுதானே இது! சந்திரனை ஒரு பார்வை பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

பெட்டிப் பக்கம் போனோம். அதற்குள் அக்கா மிளகாய்ப் பாயைத் தாண்டிவந்து, சின்னக் கதவின்மேல் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார்.

"இதை மட்டும் தொறக்காதீங்க."

"என்ன பாவா, வெளையாடற நேரமா இது?" என்றார் வேலுசாமி.

"வெளையாட்டில்லீங்க. உள்ளார குளவி கட்டுது."

"குளவியா?" என்றார் சந்திரன். "அடிச்சுத் தள்ளிட்டுப் போவோம்!"

சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஐயோ சாமி" என்றார்கள். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஊட்டுல குளவி வந்து கூடு கட்டுனா அந்த ஊட்டுல கொழந்தை பொறக்குமுங்க அம்மிணி. ஞாயித்துக்கெழமையே பாத்துட்டேன். கட்டி முடிக்கற வரைக்கும் கலைக்கவும் கூடாது, வாய் தொறக்கவும் கூடாது. அதான் சொல்லலை."

"இது வீடு இல்லையே அக்கா, வண்டிதானே" என்றார் சந்திரன்.

"அடுப்பு இருக்குது, கட்டில் இருக்குது, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு குடியிருக்கறீங்க. அப்பறம் ஊடு இல்லாம என்னங்க?"

என் முகம் கொதித்தது. எனக்குக் குழந்தை இல்லாததை நடுத்தெருவில் இருபது பேர் கூடிப் பேசுகிறார்களே என்று அப்படியொரு ஆத்திரம். "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்றேன். வேலுசாமி மெதுவாக, "பாவா, தள்ளிக்க. பாத்துட்டாவது பேசலாம்" என்றார். அக்கா நகர்ந்தார். கதவைத் திறந்தோம்.

சிலிண்டர் வாயில் இருக்கும் ரெகுலேட்டரின் வட்ட முகத்தில், விரல்நுனி அளவில் இரண்டு மண் அறைகள். ஒன்று முழுக்க மூடியிருந்தது. மற்றது பாதிதான் எழும்பியிருந்தது, மண் இன்னும் ஈரம் காயவில்லை. ரெகுலேட்டரில் ஒரு பொடித் துளை உண்டு. அது சரியாக அந்த மண்ணுக்கு அடியில் போயிருந்தது.

"இந்த ஓட்டை வழியாத்தானுங்க இது மூச்சு உடும்" என்றார் சேவியர். "மூச்சை அடைச்சுப்போட்டா கேஸை எப்படிங்க தாராளமாக் குடுக்கும்? சொரண்டி எடுத்தா ஒரு நிமிசத்து வேலை." ஸ்க்ரூடிரைவரை வேலுசாமியிடம் நீட்டினார். "உங்க பொழப்பு. நீங்களே சொல்லுங்க."

வேலுசாமி அதைக் கையில் வாங்கினார். உள்ளே மேஜைமேல் மூன்று டஜன் பனியனுக்கு வெட்டிய துணி அடுக்கடுக்காகக் காத்திருந்தது. நாளை மாலைக்குள் தைத்தாக வேண்டும். அவர் கம்பெனி இருப்பதும் போவதும் அந்த ஒரு சுரண்டலில் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் குளவி வந்தது. வாயில் ஈர மண் உருண்டை. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் அவர் கையை ஒட்டி இறங்கி, உருண்டையை விளிம்பில் வைத்து, ரீங்காரத்தோடு தேய்த்துப் பூசியது. பூசி முடித்துவிட்டுப் பறந்தது. வேலுசாமி ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வேற வழி பாருங்க மேஸ்திரி."

என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணே, எங்களுக்காக உங்க கம்பெனியை விடாதீங்க" என்று நானே கையை உள்ளே நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இரும்பாக இருந்தது.

"கம்பெனி போனா தோட்டம் இருக்குதுங்க அம்மிணி. எனக்குக் கண்ணாலமாயிப் பதினோரு வருசமாச்சு. எங்க ஊட்டுல ஒருக்காக்கூட ஒண்ணு வந்து கட்டலை. இது உங்களைத் தேடி வந்திருக்குது. என்ற கண்ணு முன்னால அதைக் கலைக்க உடமாட்டேன்."

நான்கு நாளாக அந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறேன். அங்கே ஒரு குழந்தைச் சத்தம் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னிடம் யாரும் கேட்கக் கூடாது என்றே பார்த்துக்கொண்டிருந்தவள், அடுத்தவரைப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

சேவியர்தான் சடாரென்று நிமிர்ந்தார். "ஏனுங்க, இந்தத் தெருவுல கேஸ் அடுப்பு ஆரு ஊட்டுல இருக்குது?"

தெருக்கோடி டாக்டர் வீட்டில் இருந்தது. சமையல் சிலிண்டர், அதற்கென்று தனி ரெகுலேட்டர், ரப்பர் குழாய். அதை அப்படியே கொண்டுவந்து நேராக ஜெனரேட்டரில் மாட்டிவிட்டால், எங்கள் சிலிண்டரையும் அதன் ரெகுலேட்டரையும் தொடவே வேண்டாம்! சந்திரன் துள்ளிக் குதித்து சேவியரைக் கட்டிக்கொண்டார். அக்கா அதற்குள் டாக்டர் வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா காரணத்தைக் கேட்டதும், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டுச் சிலிண்டரைக் கொடுத்தனுப்பினாராம். அன்றும் மறுநாளும் அவர்கள் வீட்டில் விறகடுப்பு.

குழாயின் வாய் பொருந்தவில்லை. சேவியர் சைக்கிள் கடையிலிருந்து ஒரு கவ்வி வாங்கி வரச்சொல்லி இறுக்கினார். சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். வெயில் சாயும் நேரம் சந்திரன் பட்டனை அழுத்தினார். உறுமியது. மெஷின்காரர் காலை அழுத்தினார். ஓவர்லாக் சடசடவென்று ஓடியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். இருமல் இல்லை! வேலுசாமி முருகன் படத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்ததும் வெளியே ஓடிவந்து சேவியர் காலிலும் விழப் போனார். அவர் பதறிப்போய்ப் பின்வாங்கி, மிளகாய்ப் பாயில் கால் வைத்துவிட்டார். தெருவே தும்மியது.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து திருவிழா. இரண்டு மெஷின்கள் மாறி மாறி ஓடின. ஆண்கள் ஜெனரேட்டரைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் சிலிண்டர் பெட்டிக்கு ஐந்தடி தள்ளி வரிசையாக நின்று, குளவி வருவதையும் போவதையும் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். டாக்டரம்மா நாற்காலியோடு வந்துவிட்டார். வாயு வேகமாகப் போய்க் குளிர்ந்ததில், உச்சிவெயிலிலும் டாக்டர் வீட்டுச் சிலிண்டருக்கு முத்து முத்தாக வியர்த்தது. குளவி பச்சைப் புழு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. "புள்ளைக்குச் சோறு கொண்டாருது" என்று ஒரு பெண் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். கோபம் வரவில்லை. எனக்கே அது ஆச்சரியம்.

மூன்று மணிக்குக் கடைசிப் பனியன் மெஷினை விட்டு இறங்கியது. அதற்குச் சற்று முன்னால் குளவி இரண்டாவது அறையையும் மூடிவிட்டுப் போயிற்று. "இனி அது வராதுங்க. உள்ளார இருக்கறது தானா வளந்து தானா வெளிய வரும்" என்றார் சேவியர்.

சாம்பிள் வெள்ளிக்கிழமை காலை கொச்சியில் கைமாறியது. லெஸ்டர் கடைக்காரருக்குப் பிடித்து, ஆர்டரும் வந்தது. வேலுசாமி மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த வியாழக்கிழமை கிளம்பும் நேரத்தில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பனியன் கட்டு வண்டியில் ஏறியாயிற்று. சந்திரன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கிப் போய், "மேஸ்திரி, எங்க ரெகுலேட்டரைக் கழற்றிக் கொடுங்க. மண் உதிராமல்" என்றேன். அவர் சிலிண்டரை மூடிவிட்டு, முட்டையை எடுப்பதுபோல் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கொச்சிவரை அடுப்பு இருக்காது, பரவாயில்லை. அக்கா சாதம் கட்டிக் கொடுத்திருந்தார். ரெகுலேட்டர் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

அதைக் கொண்டுபோய் அக்காவின் கையில் வைத்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். "ஐயோ, இது உங்களுக்கு வந்ததுங்க."

"வண்டி குலுங்குகிற குலுக்கலில் உடைந்துபோகும் அக்கா. உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ரெண்டு அறை இருக்கு, பாருங்க. ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு."

அக்கா ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். பிறகு முந்தானையை விரித்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அழுதுவிடக் கூடாது என்று எதையாவது பேச வேண்டுமே என்பதற்காகக் கேட்டேன்.

"எது என்னுது, எது உங்களுதுன்னு எப்படிக்கா தெரியும்?"

"மொதல்ல பறக்கறது உங்களுதுங்க அம்மிணி" என்றார் அக்கா. "எனக்குக் காத்திருந்து பழக்கந்தானுங்க."